மேய்ச்சலுக்கு நாள் குறித்த ஒளி

மேய்ச்சல் நிலத்தில் புல் ஆளுயரம் நிற்கிறது, மாடோ மெலிகிறது. இது எப்படி நேரும் என்று நீங்கள் வியக்கலாம். பிரேசில் நாட்டுக் கால்நடை வளர்ப்போர் கண்ட உண்மை இது.

கினியாப்புல்லின் தாயகம் ஆப்பிரிக்கா. 1960களின் இறுதியில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கென்யா, தான்சானியா நாடுகளில் அதன் பல வகைகளைத் திரட்டினர். அத்திரட்டு 1980களில் பிரேசிலை அடைந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த 'தான்சானியா' 1990இலும், 'மொம்பாசா' 1993இலும் வெளியிடப்பட்டன. விளைச்சலுக்குக் குறைவில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை மேய்ப்பது என்பதே சிக்கல். மழைக்காலத்துக்குப் பொருந்திய நாட்கணக்கு வறட்சியில் பொருந்தவில்லை.

விடைக்கான வழி ஒளியியலில் இருந்தது. (இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் தனி மகிழ்ச்சி!) வண்ண நீரில் ஒளி எவ்விதியின்படி குறைகிறதோ, ஏறக்குறைய அதே விதியின்படிதான் இலையடுக்குகளிலும் குறைகிறது என்று 1953இல் ஜப்பானியரான மொன்சியும் சாயெகியும் காட்டினர். ஓர் அடுக்கு பாதி ஒளியை விடுகிறது என்று கொள்வோம். இரண்டு அடுக்குகளைக் கடந்தால் கால் பங்கு, நான்கைக் கடந்தால் பதினாறில் ஒரு பங்குதான் எஞ்சும். ஐந்தாவது அடுக்குக்குக் கீழே ஏறத்தாழ இருட்டு.

நியூசிலாந்தில் பிரௌகம் என்பவர் 1950களில் மேய்ச்சல் தரையின் அடியில் ஒளியை அளந்தார். இலைகள் 95 விழுக்காடு ஒளியைப் பற்றும் நிலையில் புல்லின் வளர்ச்சி வேகம் உச்சத்தை எட்டியது.

அதற்கு மேலும் வளரவிட்டால் என்ன ஆகும்? நிழலில் சிக்கிய அடியிலைகள் காய்கின்றன. புதிய இலைகளை ஒளிக்கு உயர்த்தத் தண்டு நீள்கிறது. நீண்ட தண்டு சாயாமல் நிற்க லிக்னின் வேண்டும். அந்த லிக்னினோ நார்ப்பொருளை மூடிக்கொண்டு, மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களை நெருங்கவிடுவதில்லை. புரதத்தின் விழுக்காடும் குறைகிறது. வெப்ப மண்டலப் புல்லில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால், நைட்ரஜன் போதாமல் அந்நுண்ணுயிர்கள் தளர்கின்றன; மாடு தின்னும் அளவே குறைந்துவிடுகிறது. 1960களில் ஆஸ்திரேலியாவில் மில்ஃபோர்டு, மின்சன் ஆகியோர் கண்ட முடிவு இது. குளிர்நாட்டுப் புல்லைவிட வெப்ப மண்டலப் புல்லில் தண்டு விரைவாக முற்றும் என்பதால், இங்கே தாமதத்துக்கு விலை அதிகம்.

2000க்குப் பின் பிரேசிலின் பிரசிகாபா நகர வேளாண் கல்லூரியில் சிலா கார்னேய்ரோ டா சில்வா குழுவினர் பிரௌகமின் அளவைக் கினியாப்புல்லில் சோதித்தனர். மொம்பாசா 90 செ.மீ. உயரத்திலும், தான்சானியா 70 செ.மீ. உயரத்திலும் 95 விழுக்காட்டை எட்டின. இனி உழவருக்கு ஒளிமானி தேவையில்லை. அளவுகோல் ஒன்று போதும். மழையில் அந்த உயரம் விரைவில் வரும், வறட்சியில் தாமதமாக வரும். மேய்ந்தபின் மொம்பாசாவில் 30 முதல் 50 செ.மீ. வரை விட்டுவிட்டு மாடுகளை வெளியேற்றினர். அடியோடு மேயவிட்டால் அடுத்த தளிருக்கு ஒளி பிடிக்க இலையே இராது.