நடுவர் இல்லாத ஆட்டம்

வாலிபர்கள் மாலை வேளையில் பிளாஸ்டிக் தட்டொன்றை வீசிப் பிடித்து ஓடுவதைக் கண்டு, "கால்பந்தும் கைப்பந்தும் இருக்க, தட்டு வீசுவதும் ஒரு விளையாட்டா?" என்று நம் பெரியோர்களில் சிலர் கேட்பதுண்டு. விளையாட்டுதான். அதற்கெனச் சுவையான வரலாறும் உண்டு. ஜூபிலி மலரைப் புரட்டும் அன்பர்களுக்கு அதைச் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்ற குடும்பத்தார் 1871 முதல் பழப் பணியாரம் சுட்டு விற்றுவந்தனர். அவர்களுடைய காலித் தகரத் தட்டுகளைக் கல்லூரி மாணவர்கள் வீசி விளையாடினராம். 1957இல் வாம்-ஓ என்னும் நிறுவனம் பிளாஸ்டிக் தட்டொன்றைச் சந்தைக்குக் கொணர்ந்து, எழுத்தில் சிறு மாற்றத்துடன் அப்பெயரையே அதற்குச் சூட்டியது. அப்போதும் அது வெறும் பொழுதுபோக்கே.

நியூஜெர்சி மாநிலத்தில் மேப்பிள்வுட் என்ற புறநகர் இருக்கிறது. ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த அமைதியான ஊர். அங்குள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில், 1968இல் ஜோயல் சில்வர் என்ற மாணவர், தட்டு வீச்சைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது பற்றி ஆராயவேண்டும் என மாணவர் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். கொண்டுவந்ததும் விளையாட்டாக, நிறைவேற்றியதும் விளையாட்டாக! ஆயினும் மன்றத்தாரும் பள்ளிப் பத்திரிகை மாணவரும் அணி பிரிந்து ஆடத் தொடங்கினர். முறையான மைதானம் அவர்களுக்கு ஏது? பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில், இரவு விளக்கொளியில் ஆடினர். பள்ளித் துப்புரவாளரைத் தலைமைப் பயிற்சியாளர் என்றும், காவலரை மேலாளர் என்றும் வேடிக்கையாக அழைத்தனர். பெரிய விளையாட்டு வீரர்கள் எவரும் அதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஆட்டம் எல்லாருக்கும் உரியதாயிற்று.

1970இல் சில்வரும் பஸி ஹெல்ரிங், ஜான் ஹைன்ஸ் ஆகிய தோழர்களும் விதிகளை வகுத்து அச்சிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அண்டை ஊரான மில்பர்ன் பள்ளியை 43-10 என வென்றனர். அவர்களோடு படித்தவர்கள் கல்லூரிகளுக்கு ஆட்டத்தை எடுத்துச் சென்றனர். 1972இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் மோதின. 1869இல் அவ்விரு கல்லூரிகளும் அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்தாட்டத்தை ஆடிய அதே இடத்தில்தான் இதுவும் நடந்தது. இடைக்காலத்தில் அதுவும் வாகன நிறுத்துமிடமாகியிருந்தது!

'அல்டிமேட்' எனப்படும் இவ்வாட்டத்தில் அணிக்கு எழுவர். தட்டைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது. பத்து விநாடிக்குள் தோழருக்கு வீசவேண்டும். எதிரணியின் எல்லைப் பகுதியில் நிற்கும் தோழர் பிடித்தால் ஒரு புள்ளி. ஆயினும் என்னைக் கவர்ந்தது வேறு. இதில் நடுவர் கிடையாது. தவறு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரே குரல் கொடுப்பார். எதிராளி ஒப்புக்கொண்டால் சரி. மறுத்தாலோ, தட்டு வீசியவரிடமே திரும்பும், ஆட்டம் மீண்டும் தொடரும். மாணவர் எழுதிய முதல் விதிகள் நடுவருக்கும் இடம் வைத்திருந்தன. ஆடுவோரின் நேர்மையை நம்பும் வழக்கமே வேரூன்றி, 1978இல் 'ஆட்டத்தின் ஆவி' என்னும் பெயரில் விதிநூலில் ஏறியது.

2012இல் அமெரிக்காவில் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கியபோது நடுவர்களை நியமித்தார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: நடுவர் தவறாகத் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால் ஆட்டக்காரரே அதை மாற்றிவிடலாம் என்ற விதியையும் அங்கே வைத்தனர்.

சென்னை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்துக்குச் செல்வோர், அருகிலுள்ள கடற்கரை மணலில் இவ்வாட்டத்தைக் கண்டிருக்கலாம். கல்லூரி மாணவரும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகின்றனர். போட்டி முடிந்ததும் இரு அணியாரும் வட்டமாக நின்று பேசுவர். பிறகு, எதிரணி எவ்வளவு நேர்மையாக ஆடியது என்று ஒருவருக்கொருவர் மதிப்பெண் இடுவர். அதற்கெனத் தனிப்பரிசும் உண்டு.