வணிகப் பள்ளிகளில் சந்தை உத்தி: ஒரு பாடத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் ஆசிரியர்கள் உற்பத்தி, கூலி, விலை ஆகியவற்றை விரிவாகக் கற்பித்தார்களே தவிர, விளைந்த கோதுமையும் தைத்த காலணியும் எந்தெந்தக் கைகள் மாறி வாங்குபவரை அடைகின்றன, இடையில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போகிறது என்பதைப் பாடத்துக்குரிய பொருளாகக் கொள்ளவில்லை. இடைத்தரகர்கள் மீதும் ரயில் நிறுவனங்கள் மீதும் உழவர்கள் கொண்டிருந்த கோபம் அரசியலாக மாறிய பிறகே நிலைமை மாறியது. 1902இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டேவிட் ஜோன்ஸ் பொருள் வினியோகம் குறித்த ஒரு பாடத்தைத் தொடங்கினார். இல்லினாய்ஸிலும் கலிஃபோர்னியாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இதையொத்த வகுப்புகள் நடந்தன. இன்று எம்.பி.ஏ. மாணவர்கள் 'ஸ்ட்ராட்டஜிக் மார்க்கெட்டிங்' என்ற பெயரில் படிப்பது, அதாவது ஒரு நிறுவனம் எந்தச் சந்தையில், யாருக்காக, எந்தப் போட்டியாளரை எதிர்த்து நிற்பது என்பதை நீண்டகால நோக்கில் முடிவுசெய்யும் கலை, இந்த வகுப்புகளில் கற்பிக்கப்படவில்லை. அந்தப் பாடம் உருவாக மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று; அதன் அடிப்படைக் கருத்துகளிற் பல பல்கலைக்கழகச் சுவருக்கு வெளியிலிருந்தே வந்தன.

1908இல் தொடங்கிய ஹார்வர்ட் வணிகப் பள்ளி, எம்.பி.ஏ. என்ற பட்டத்தை முதலில் அறிமுகம் செய்தது. அதன் முதல் தலைவர் எட்வின் கே ஒரு பொருளாதார வரலாற்றாசிரியர். எதைக் கற்பிப்பது என்பதைவிட எப்படிக் கற்பிப்பது என்பதே அவர் முன் நின்ற கடினமான கேள்வி. சிகாகோவில் வணிக இதழ் நடத்திவந்த ஆர்ச் ஷா என்ற பதிப்பாளர் அதற்கு ஒரு விடையைக் கொண்டுவந்தார். அவர் வடிவமைத்த வணிகக் கொள்கை வகுப்பில், தொழிலதிபர் ஒருவர் முதல் நாள் நேரில் வந்து தமது நிறுவனத்தில் அப்போது தீராமல் இருந்த ஒரு சிக்கலை விளக்குவார்; அடுத்த வகுப்பில் மாணவர்கள் தத்தம் தீர்வை எழுத்தில் ஒப்படைப்பார்கள்; மூன்றாம் வகுப்பில் அதே தொழிலதிபர் திரும்பி வந்து, அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எது நடக்கும், எது நடக்காது என்று அவர்களோடு வாதிடுவார். பாடநூல் என்று ஒன்று இல்லாத காலத்தில் தொழிலதிபரே பாடநூலாக இருந்தார் என்பது மிகையாகாது.

வணிகத்தைப் பற்றிய நம்பகமான தரவு கிடைப்பதும் அன்று எளிதாக இருக்கவில்லை. ஹார்வர்ட் 1911இல் அமைத்த வணிக ஆய்வகம் காலணிச் சில்லறைக் கடைகளை ஆராயப் புகுந்தபோது, கடைக்குக் கடை கணக்கு எழுதும் முறையே வேறாக இருந்ததால் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியாமல் போயிற்று. ஆகவே எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு கணக்கு முறையை முதலில் உருவாக்கிக் கொடுத்துவிட்டே ஆய்வைத் தொடர வேண்டியிருந்தது. 1919இல் பள்ளியின் தலைமைக்கு வந்த வாலஸ் டோனம் சட்டம் பயின்றவர். சட்டக் கல்லூரியில் வழக்குத் தீர்ப்புகளைக் கொண்டு சட்டம் கற்பிப்பதைப் போலவே வணிக நேர்வுகளைக் கொண்டு வணிகம் கற்பிக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நேர்வு, அதாவது 'கேஸ்', என்பது ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய தருணத்தில் அதன் முன் இருந்த தகவல்களை மட்டும் தந்து, முடிவை மாணவனிடமே விட்டுவிடும் எழுத்து ஆவணம். மெல்வின் கோப்லண்ட் 1920இல் வெளியிட்ட சந்தைப்படுத்தல் சிக்கல்களின் தொகுப்பு இவ்வகை நூல்களில் முன்னோடியானது.

இந்த முறை மாணவனைப் பேசவைத்தது, துணிந்து முடிவெடுக்கவைத்தது. ஆனால் பொதுவிதிகளைத் தேடும் பழக்கத்தைத் தரவில்லை. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வெளிவந்த கார்டன்–ஹவல் அறிக்கை, வணிகக் கல்வியில் பகுப்பாய்வும் கணிதமும் போதவில்லை என்று கடுமையாகவே சொன்னது. சந்தையை ஒரே திரளாகக் கொள்ளாமல் தேவைகளின் அடிப்படையில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெண்டெல் ஸ்மித் 1956இல் எழுதியிருந்தார். 1960இல் ஜெரோம் மக்கார்த்தி, விற்பவரின் கையில் உள்ள முடிவுகளைப் பொருள், விலை, இடம், விற்பனை ஊக்கம் என்ற நான்கு தலைப்புகளில் அடக்கினார். இவையே 'நான்கு பி'க்கள். அதே ஆண்டில் தியோடர் லெவிட், அமெரிக்க ரயில் நிறுவனங்கள் தங்கள் தொழில் போக்குவரத்து என்பதை உணராமல் ரயில் ஓட்டுவதே தொழில் என்று எண்ணியதால் சரிந்தன என்று வாதிட்டார். பொருளியலில் பயின்று வந்த ஃபிலிப் கோட்லர் 1967இல் எழுதிய பாடநூல் இவற்றையெல்லாம் பகுப்பாய்வின் மொழியில் ஒருங்கிணைத்தது.

ஆயினும் இவற்றுள் லெவிட்டின் கட்டுரை நீங்கலாகப் பெரும்பாலானவை விற்பனைப் பிரிவின் மேசையோடு நின்றன. நிறுவனம் முழுமைக்குமான உத்தி என்ற பேச்சை ஆலோசனை நிறுவனங்களே எடுத்தன. பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 1970இல் பரப்பிய கட்டம், சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது, அதில் நிறுவனத்தின் பங்கு போட்டியாளரோடு ஒப்பிட எவ்வளவு என்ற இரண்டே அளவுகளால் தொழில்களை நட்சத்திரம், கறவைப் பசு, கேள்விக்குறி, நாய் என நான்காக வகுத்தது. 1975இல் பஸலும் அவருடைய சகாக்களும் பல நிறுவனங்களின் தரவைக் கொண்டு, சந்தைப் பங்கில் 10 புள்ளி வேறுபாடு இருக்குமிடத்தில் முதலீட்டு ஆதாயத்தில் சராசரியாக 5 புள்ளி வேறுபாடு காணப்படுவதாக எழுதியது இந்தக் கட்டத்துக்கு வலுச் சேர்த்தது. பங்கு பெரிதானதால் ஆதாயம் வந்ததா, அல்லது நல்ல பொருளும் நல்ல நிர்வாகமும் இரண்டையும் சேர்த்துத் தந்தனவா என்ற ஐயம் பின்னரே வலுத்தது. கட்டத்தால் விளைந்த கேடும் சிறிதன்று: நாய் என்று பெயர் சூட்டப்பட்ட தொழிலுக்கு முதலீடு நின்றுபோகும், முதலீடு நின்றதால் அது நலியும், நலிந்ததைக் காட்டிப் பெயர் சரிதான் என்று நிறுவப்படும். மைக்கேல் போர்ட்டரின் 1980ஆம் ஆண்டு நூலும் டேவிட் ஆக்கரின் 1984ஆம் ஆண்டு நூலும் வந்த பிறகு, சந்தை உத்தி முதுநிலை வகுப்புகளில் தனிப் பாடமாக நிலைபெற்றது. மாணவர் அணிகள் கற்பனை நிறுவனங்களை நடத்தி, ஒன்றன் சந்தையை மற்றொன்று பறிக்கப் பார்க்கும் 'மார்க்ஸ்ட்ராட்' என்ற கணினி விளையாட்டும் பிரான்சின் இன்சியாட் பள்ளியில் 1970களில் உருவாகிப் பரவியது.

இந்தியாவில் 1961இல் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகம் எம்.ஐ.டி.யின் துணையோடும், அகமதாபாத் கழகம் ஹார்வர்டின் துணையோடும் தொடங்கப்பட்டன. நேர்வு முறை அகமதாபாத் வழியாகவே இங்கு வேரூன்றியது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்து, அகமதாபாத்தின் தொடக்ககால மாணவர்களுள் ஒருவராக 1966இல் வெளிவந்த சி.கே. பிரகலாத், 1990இல் கேரி ஹாமெலுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், நிறுவனத்தைத் தனித்தனித் தொழில்களின் மூட்டையாகப் பார்க்கும் அந்தக் கட்ட மரபை நேரடியாகவே எதிர்த்து, பல பொருள்களுக்கும் அடியில் ஓடும் பொதுத் திறனே போட்டியை வெல்லும் என்றார்.

1993இல் ஹார்வர்ட் ஆசிரியர் கஸ்தூரி ரங்கன் எழுதிய ஒரு நேர்வு, 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை உலக வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது. பணம் செலுத்துவோர் தரும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்பட்டபோதும், கிராம முகாம்களில் சிகிச்சை தேவை என்று கண்டறியப்பட்டவர்களிற் பலர் மருத்துவமனைக்கு வரவேயில்லை. பேருந்துக் கட்டணம், இழக்கும் நாட்கூலி, துணைக்கு வர வேண்டிய ஆள் ஆகியவை இலவசத்தையும் எட்டாததாக்கின என்பதை உணர்ந்த மருத்துவமனை, அவர்களை அழைத்து வருவதையும் உணவளிப்பதையும் தன் பொறுப்பில் ஏற்றது. மக்கார்த்தியின் நான்கு தலைப்புகளுள் அந்தப் பேருந்து விலையைச் சேர்ந்ததா, இடத்தைச் சேர்ந்ததா என்பது வகுப்பில் எளிதில் முடிகிற வாதமன்று.