சுவருக்குள் பாட்டி தெரிகிறாரா? அழிக்கச் சொல்லாதீர்கள்: சிறு பிள்ளைகளின் கலைக்கல்வி, ஒரு விளக்கம்

அம்பாங்கான்: ஏழு வயதுப் பிள்ளை வீடு வரைகிறது. சுவர் இருக்கிறது. ஆனால் சுவருக்கு உள்ளே இருக்கும் கட்டில், தொலைக்காட்சி, பாட்டி எல்லாமே வெளியே தெரிகின்றன. பாட்டி வாசற்கதவைவிட உயரமாக நிற்கிறார். பார்க்கும் பெரியவர்கள் பலரும் உடனே சொல்வது இதுதான்: "சுவருக்குள்ள இருக்குறது எப்படி வெளிய தெரியும்? அழிச்சிட்டு ஒழுங்கா வரை."

உண்மையில் அந்த ஓவியத்தில் பிழை ஏதும் இல்லை. அந்த வயதுப் பிள்ளை எப்படி வரைய வேண்டுமோ அப்படித்தான் வரைந்திருக்கிறது. இது தெரியாமல் திருத்தப் போனால், ஒன்பது பத்து வயதிலேயே "எனக்கு வரைய வராது" என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடும். அதன் பிறகு பலர் பென்சிலைத் தொடுவதே இல்லை.

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிரம்பானை ஒட்டிய அம்பாங்கான் போன்ற வீடமைப்புப் பகுதிகளில் இருக்கும் பெற்றோருக்கும் சரி, தோட்டப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் சரி, இந்த விளக்கம் பயன்படும்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது?

2011-ஆம் ஆண்டு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்திலும், 2017-இல் நடப்புக்கு வந்த அதன் சீராய்வுப் பதிப்பிலும் காட்சிக்கலைக் கல்வி இடம்பெற்றிருக்கிறது. பாடம் நான்கு துறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது:

• படம் வரைதல்
• வடிவக்கோலமும் உருவமைப்பும்
• உருவங்களை வனைதலும் கட்டுதலும்
• பாரம்பரியக் கைவினையை அறிதல்

அதாவது, கலர் பென்சிலால் வண்ணம் தீட்டுவது மட்டும் கலைக்கல்வி அல்ல. முடைதல், அச்சுப் பதித்தல், ஒட்டுப்படம், களிமண் உருவம் எல்லாம் அதில் அடங்கும். படைப்பைப் பார்த்துப் பேசுவதும் பாடத்தின் ஒரு பகுதி. படைப்பாற்றலும் புத்தாக்கமும் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டிய கூறு என்றும் பாடத்திட்டம் சொல்கிறது.

ஏழு வயதுப் பிள்ளை ஏன் அப்படி வரைகிறது?

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளிவந்த தமது நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாக விளக்கினார். சுருக்கமாக:

2 முதல் 4 வயது: கிறுக்கல். கை அசைவே பிள்ளைக்கு மகிழ்ச்சி.
4 முதல் 7 வயது: வட்டத்தில் கை கால் முளைத்த மனிதர்கள்.
7 முதல் 9 வயது: வீடு, மரம், ஆள் என ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொள்கிறது. தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வந்துவிடும். முக்கியமானவர் பெரிதாக இருப்பார். சுவர் கண்ணாடி மாதிரி உள்ளே காட்டும்.
9 வயதுக்குப் பிறகு: "நிஜத்துல இப்படியா இருக்கு?" என்று பிள்ளையே தன் படத்தைக் குறை சொல்லத் தொடங்கும்.

வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை சற்று மாறலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வயதுப் பிள்ளை கண்ணால் பார்ப்பதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பாட்டி பெரிதாக இருக்கிறார் என்றால், அந்த வீட்டில் பாட்டி பெரிய ஆள்.

நமது பள்ளிகளில் இது ஆண்டு 1 முதல் 3 வரையிலான காலம். தன் படத்தைத் தானே குறை சொல்லும் வயது வருவதற்கு முன் பிள்ளைக்குத் துணிச்சல் ஊட்ட இந்த மூன்று ஆண்டுகள்தான் இருக்கின்றன.

எங்கே தடைபடுகிறது?

முதல் தடை, கரும்பலகைப் படம். ஆசிரியர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை வரைகிறார். 25 மாணவர்களும் அதையே பார்த்து வரைகிறார்கள். 25 தாளும் ஒன்றுபோல இருந்தால் அங்கே ஒரே ஒருவர்தான் யோசித்திருக்கிறார், அது ஆசிரியர்.

இரண்டாவது, வண்ணம் தீட்டும் போட்டி. கோடு தாண்டாமல் தீட்டுவது கைக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் என்ன வரைவது என்ற முடிவைப் பிள்ளைக்குப் பதிலாக வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அச்சிட்ட வண்ணப் புத்தகங்களை லோவன்ஃபெல்ட் எதிர்த்ததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, நேரம். "தேர்வு வருது, கலை பாடத்தைக் கணிதத்துக்குக் குடுத்துடலாம்" என்பது பழகிப்போன பேச்சு. ஆனால் ஆண்டு 1 முதல் 3 வரையிலான தேர்வுகள் 2019 முதல் நீக்கப்பட்டன. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. ஆகவே அந்தக் காரணம் முன்புபோல் இப்போது செல்லாது.

கையில் கிடைக்கும் பொருளே போதும்

"டீச்சர், கலர் வாங்கல" என்று தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

பால்மர இலை: ஒரு காம்பில் மூன்று இலைகள். நரம்பு துருத்தும் அடிப்பக்கத்தை மேலே வைத்து, அதன் மீது தாளைப் போட்டு, மெழுகு வண்ணக்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே தாளில் வரும். இலையை எப்படி அடுக்குவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும்.

பால்மரக் கொட்டை: ஒரே மரத்துக் கொட்டைகளில் புள்ளிக்கோலம் ஒன்றுபோல இருக்கும். வேறு மரத்துக் கொட்டை வேறு மாதிரி. பத்துக் கொட்டைகளைக் கலந்து போட்டு "எதெல்லாம் ஒரே அம்மாவோட பிள்ளைங்க?" என்று கேட்டால், உற்றுப் பார்க்கும் பழக்கம் தானாக வரும். பச்சைக் கொட்டை நச்சுத்தன்மை கொண்டது. வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், முடிந்ததும் கை கழுவச் சொல்வதும் அவசியம்.

தென்னங்குருத்து: பொங்கலுக்குத் தோரணம் கட்டவும், நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் முடையவும் உதவும் அதே ஓலை. கைவினைப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கடினம்.

கோலம்: 5-க்கு 5 நேர்ப்புள்ளி வைத்துக் கொடுங்கள். எப்படி இணைப்பது என்று சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை நட்சத்திரம் போடும், இன்னொன்று மீன் போடும், மூன்றாவது சிக்கலில் மாட்டிக்கொண்டு தானே வழி கண்டுபிடிக்கும். சமச்சீர் என்ற கணிதக் கருத்தும் கூடவே வந்துவிடும்.

ஒரு மணி நேர வகுப்பு எப்படி இருக்கலாம்?

முதல் 10 நிமிடம் பேச்சு. "வீடு வரைங்க" என்பதற்குப் பதிலாக, "மழை நாள்ல உங்க வீட்டுல எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்? யார் அங்க இருப்பாங்க?" என்று கேளுங்கள். அனுபவம் கிளறப்பட்டால் படம் தானாக வரும்.

அடுத்த 35 நிமிடம் வேலை. ஆசிரியர் கரும்பலகையில் வரையத் தேவையில்லை. கத்தரிக்கோல் பிடிப்பது, வண்ணம் கலப்பது போன்ற நுட்பத்தை மட்டும் காட்டினால் போதும். "எப்படி டீச்சர் யானை வரையுறது?" என்று கேட்டால், "யானைகிட்ட உனக்கு என்னென்ன தெரியும்?" என்று திருப்பிக் கேட்கலாம்.

கடைசி 15 நிமிடம் பார்த்தல். தாள்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லட்டும். பேசத் தயங்கும் பிள்ளைக்கு இது தமிழ்ப் பயிற்சியாகவும் அமையும்.

மாணவர் எண்ணிக்கை 150-க்கு மேல் போகாத பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. மற்ற விஷயங்களில் இது சிரமம். ஆனால் எட்டுப் பேர் உள்ள வகுப்பில் எட்டுப் படத்தையும் நிதானமாகப் பார்த்துப் பேச முடியும்.

எப்படி மதிப்பிடுவது?

வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை வழங்கப்படுகிறது. "அழகா இருக்கா?" என்பதை மட்டும் பார்த்தால் கைத்திறன் உள்ள பிள்ளையே எப்போதும் முன்னால் நிற்கும். வேறு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: சொந்த யோசனை இருக்கிறதா? சொல்லிக்கொடுத்த நுட்பத்தைப் பயன்படுத்தியிருக்கிறதா? தன் படைப்பை விளக்க முடிகிறதா? சென்ற தவணைப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் வளர்ச்சி தெரியும். அதனால் தாள்களில் தேதி போட்டுக் கோப்பில் வைப்பது நல்லது.

வீட்டில் பெற்றோர் என்ன செய்யலாம்?

"இது என்ன?" என்று கேட்காதீர்கள். படம் புரியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். "ரொம்ப அழகு" என்று மேலோட்டமாகப் பாராட்டுவதைவிட, "இந்த மரத்துக்கு ஊதா கலர் போட்டிருக்கியே" என்று கண்ணில் பட்டதைச் சொல்வது பிள்ளையை ஊக்குவிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படத்தோடு ஒப்பிட வேண்டாம்.

விடுமுறையில் அம்பாங்கானிலிருந்து கோலா பிலா சாலையில் போனால் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைப் பார்க்கலாம். 1902 முதல் 1908 வரை, இரும்பு ஆணி இல்லாமல் 99 தூண்களில் எழுப்பப்பட்ட மரக்கட்டடம் அது. தூணில் உள்ள செதுக்கு வேலைகளில் ஒன்றைப் பிள்ளை தன் நோட்டில் வரைந்து வரட்டும்.

எல்லாரும் ஓவியர் ஆகவா போகிறார்கள்?

இல்லை. சாந்திநிகேதனில் படித்து, 1944 முதல் காந்தியின் சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்த தேவி பிரசாத், கலையே கல்வியின் அடித்தளம் என்று தனி நூலே எழுதினார். அவர் பேசியது ஓவியர்களை உருவாக்குவதைப் பற்றி அல்ல. தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் மனிதரை உருவாக்குவதைப் பற்றி. அறிவியல் சோதனைக்கும் கட்டுரைக்கும் வேண்டிய அதே பழக்கம்தான் இது.

அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஏற்கெனவே கால அட்டவணையில் இருக்கிறது. அதை வேறு பாடத்துக்குக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.