குன்றின்மேல் ஓர் உழவுப் பள்ளி

உழவுத் தொழிலுக்கு மிகப் பழைய பள்ளி வயல் வரப்பே. தந்தை ஏர் பிடிக்க, மகன் பின்னே நடந்து விதை தூவிக் கற்றான். பாடநூலும் இல்லை, தேர்வுத் தாளும் இல்லை. விளைச்சலே தேர்வாக அமைந்தது. இங்ஙனம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மேலை நாடுகளில் விரைந்து அறுபடலாயிற்று. எந்திரம் பெருகியது, வயலில் ஆள் குறைந்தது. செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் பரவின. மண்ணைத் தொட்டறியும் பழக்கம் குன்றிற்று. உழவர் மக்கள் நகரங்களை நாடிச் சென்றனர்.

1962இல் ரேச்சல் கார்சன் அம்மையார் பூச்சிக்கொல்லிகளின் தீமையை விளக்கி எழுதிய நூல் அமெரிக்க மக்களைச் சிந்திக்க வைத்தது. நஞ்சின்றிப் பயிர் செய்ய வேண்டும் என்ற வேட்கை இளைஞர் சிலரிடம் எழுந்தது. உடனே ஒரு வினாவும் எழுந்தது. உழவர் குடியிற் பிறவாத ஒருவர் உழவர் ஆக இயலுமா? இயலுமாயின், தந்தையின் இடத்தில் நின்று அவருக்குக் கற்பிப்பவர் யார்?

இவ்வினாவிற்கு விடை காண முயன்ற இடங்களுள் ஒன்று, கலிபோர்னியாவில் உள்ள சாண்டா குரூஸ் நகரத்துப் பல்கலைக் கழகம். அது 1965இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. ஈராண்டுகள் கழித்து, 1967இல், ஆலன் சாட்விக் என்பவர் அங்கு வந்து சேர்ந்தார். அவர் 1909இல் பிறந்த ஆங்கிலேயர். தோட்டக் கலை பயின்றவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தவர். புதர் மண்டிய ஒரு சரிவு நிலம் அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் மேடையேறிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கொத்தத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்த மாணவர்கள் தாமும் மண்வெட்டி எடுத்தனர். பள்ளி அவ்வாறே பிறந்தது.

அவர் கற்பித்த முறை, பாரிஸ் நகரைச் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டக்காரர் வழக்கத்தையும், ரூடால்ப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய உழவுச் சொற்பொழிவுகளையும் தழுவியது. முதலில் ஒரு மண்வெட்டி ஆழத்திற்குக் குழி எடுத்து அம்மண்ணைத் தனியே வைப்பர். குழியின் அடிமண்ணை மேலும் அவ்வளவு ஆழத்திற்குப் புரட்டாமல் தளர்த்துவர். அடுத்த வரிசையின் மேல்மண்ணை எடுத்து முதற் குழியை நிரப்புவர். இவ்வாறு பாத்தி முழுவதும் முடிந்தபின் மண் உப்பி மேடாகும். அதில் மட்கிய எரு இட்டு, நாற்றுகளை நெருக்கமாக நடுவர். வளர்ந்த இலைகள் ஒன்றையொன்று தொட்டு மண்ணுக்கு நிழல் தரும், ஈரம் காக்கும், களையை அடக்கும். பாத்தியின்மேல் எவரும் கால் வைத்தல் ஆகாது.

இதனை எழுத்தில் விளக்குவது எளிது. ஆயினும் மண் கொத்துவதற்கு ஏற்ற நாள் எது என்பதை எழுத்து உணர்த்தாது. ஒரு பிடி மண்ணை அள்ளி அழுத்தினால் உருண்டையாகி, விரல் பட்டதும் உதிர வேண்டும். களியாக ஒட்டினால் ஈரம் மிகுதி. பொடியாகச் சிந்தினால் ஈரம் போதாது. இவ்வேறுபாட்டைக் கை அறிய வேண்டும். பலமுறை அறிய வேண்டும். பக்கத்தில் நின்று திருத்துவாரும் வேண்டும்.

சாட்விக் கடுஞ்சினம் உடையவர். தம் வழியே வழி என்பவர். 1970களின் தொடக்கத்தில் அவர் அவ்விடம் விட்டு நீங்கினார், 1980இல் மறைந்தார். ஆசிரியர் நீங்கியபின் கலை நிற்குமா என்பதே அப்பள்ளிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை. அதனை நிற்கச் செய்தவர்கள் அவருடைய மாணவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோருமே. குன்றின் தோட்டத்தோடு, தாழ்நிலத்தில் ஒரு பண்ணையும் உருவாயிற்று. ஒருவர் மனத்தில் இருந்த கலை ஆறு திங்கள் பயிற்சியாக ஒழுங்கு பெற்றது. பயில்வோர் நெடுங்காலம் பண்ணையிலேயே கூடாரமிட்டுத் தங்கினர், முறைவைத்துச் சமைத்தனர், கைக்கொத்துத் தோட்டத்திலும் டிராக்டர் ஓடும் வயலிலும் மாறி மாறி உழைத்தனர், விளைந்ததைத் தாமே விற்றுக் கணக்கும் கற்றனர். 2003இல் ஆசிரியர்களுக்கென ஒரு கையேடும் வெளியாயிற்று. அதில் விளக்கவுரை, செய்து காட்டல், செய்து பழகுதல், மதிப்பிடும் வினாக்கள் என்ற வரிசை பாடந்தோறும் அமைந்திருத்தல் ஆசிரியர்கள் நோக்கத்தக்கது. அரை நூற்றாண்டில் 1,500க்கும் மேற்பட்டோர் அங்குப் பயின்று வெளியேறினர். அவருட் பலர் உழவராயினர். வேறு பலர் பள்ளித் தோட்டங்களிலும் பொதுத் தோட்டங்களிலும் கற்பிப்போராயினர்.

எனினும், பயிற்சி ஒன்றே போதும் எனக் கூறுதல் பொருந்தாது. கலிபோர்னியாவில் நிலத்தின் விலை மிக உயர்வு. கை பழகியும் கொத்துவதற்கு நிலம் இல்லாதவர் பலர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க உழவரின் சராசரி வயது 58.1. முதியவரிடம் நிலம் இருக்கிறது, இளையவரிடம் விருப்பம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வழி இன்னும் குறுகலாகவே உள்ளது.

ஆகவே முன்னர் எழுந்த வினாவிற்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே: உழவர் குடியிற் பிறவாதவரும் உழவர் ஆகலாம், பொறுமையுள்ள பள்ளி, தந்தை கற்பித்ததைக் கற்பிக்க வல்லது. ஆனால் தந்தை விட்டுச் செல்லும் நிலத்தை அப்பள்ளியால் அளிக்க இயலாது. அதனை அளிக்கும் பொறுப்பு சமுதாயத்தையும் அரசையும் சார்ந்தது. கற்பித்தல் எனும் கடமையை ஏற்றோர் தம் பங்கைச் செவ்வனே செய்தனர் என்பதற்குச் சாண்டா குரூஸ் குன்றின் பாத்திகள் சான்றாகும்.