தேயிலை மலையில் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’

நாளைய காரியம் எதைச் சொன்னாலும் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துக்கொள்வது தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சு வழக்கு. அதன் வேர் யாக்கோபு நிருபத்தின் 4ஆம் அதிகாரம். அந்த அறிவுரை அங்கே யாருக்குச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால், தேவசித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதைப் பற்றித் தோட்டப்புறத்தில் எளிதில் வேரூன்றும் ஒரு புரிதலை மாற்றிக்கொள்ள வேண்டிவரும் என்பது என் வாதம்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்த, மலாயாவின் பகாங் மலைப்பகுதியில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறிக்கத் தென்னிந்தியத் தமிழர் வந்தனர். அவர்களுள் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். மலாயாத் தோட்டங்களில் காலைப் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முதல் கூலி, லயத்து வீடு, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருந்தன. வேலை போனால் குடியிருக்கும் வீடும் போய்விடும். கங்காணிக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை, துரைக்கு மேல் கடவுள் என்று ஒரே ஏணியாக உலகம் தெரியும் இடத்தில், துரையின் உத்தரவையே தேவசித்தமாக எண்ணிப் பணிந்துபோவது எளிது. அந்தப் பணிவைப் பக்தி என்று புகழும் பிரசங்கமும் எளிது.

யாக்கோபு பேசுவது வேறு கூட்டத்தோடு. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஓராண்டு தங்கி வியாபாரம் செய்து லாபம் காண்போம் என்று திட்டமிடுகிறவர்களை நிறுத்தித்தான் அவர் தேவசித்தத்தை நினைவூட்டுகிறார். சில வசனங்கள் தள்ளி, 5ஆம் அதிகாரத் தொடக்கத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதாகவும், அது கடவுளின் காதுக்கு எட்டிவிட்டதாகவும் எழுதுகிறார். ஆக, ஒப்புக்கொடுத்தல் முதலில் கேட்கப்படுவது நாளையைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் முதலாளியிடம். உழைத்தவரின் முறையீட்டை அதே நிருபம் அடக்கவில்லை. அது கேட்கப்பட்டது என்றே சாட்சி சொல்கிறது. இந்த இரண்டு பகுதிகளையும் பிரித்து வாசிப்பதால் நேர்ந்த சேதம் பெரிது என்று நான் கருதுகிறேன்.

தமிழ் மரபும் இதற்குத் துணை நிற்கிறது. நெல்லைச் சீமையில் வைணவராகப் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர், ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. அவர் பிறந்த வைணவத்தில் சரணாகதிக்கு வகுத்த அங்கங்களுள் ஒன்று, ‘காப்பாற்று’ என்று வாய்திறந்து வேண்டுவது. கெத்செமனேயிலும் வரிசை அதுதான்: பாத்திரம் நீங்கவேண்டும் என்ற மன்றாட்டு முன்னே, பிதாவின் சித்தத்துக்கு இணங்குவது பின்னே. கேளாமலே ஒப்புக்கொடுத்தவன் எதை ஒப்புக்கொடுத்தான்?

தேவசித்தத்துக்கும் மனிதர் எடுக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு வெறும் தத்துவமன்று. 2013 அக்டோபர் 23 அன்று கனமழைக்கிடையே இதே மலைப்பகுதியில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணை திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. மழைக்குக் கடவுளை நோக்கலாம். காடழிப்பும், வண்டல் நிறைந்த நீர்த்தேக்கமும், ஆற்றோரக் குடியிருப்பும் மனிதர் எடுத்த முடிவுகள். அவற்றையும் சேர்த்துத் ‘தேவசித்தம்’ என்று சொல்வது, பொறுப்புள்ளவரைத் தப்பவிட்டுக் கடவுள் மேல் பழி போடுவதாகும். இறந்தவர் வீட்டில் ஆறுதலாகச் சொல்லும் சொல்லை விசாரணைக்குப் பதிலாக வைக்கக் கூடாது.

இன்று இந்த மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதியினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துத் தமிழரின் பேரப்பிள்ளைகளில் சிலர் கடை, லாரி, காய்கறிப் பண்ணை வைத்து ஆள் அமர்த்தி, யாக்கோபு பேசும் முதலாளியின் இடத்தில் நிற்கிறார்கள். அந்த ஆளின் கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது, மாதக்கூலி எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்ற கேள்விகள் இனி அவர்களுடைய ஜெபத்துக்கும் உரியவை.