காணப்படாத கலம்
சிறுவர் மூளைக் கட்டி ஆராய்ச்சியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அறிவியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை வெற்றிகளின் வரிசையாகவே எழுதிச் செல்வர். தவறான முடிபுகள் அவ்வரிசையிலிருந்து கழித்து விடப்படும். ஆயின், தவறான விடையொன்று சரியான வினாவைத் தன்னுள் வைத்துக் காத்து, பின்வந்த தலைமுறைகளிடம் ஒப்படைத்த நிகழ்ச்சிகளும் அறிவியல் வரலாற்றில் உண்டு. சிறுவரின் சிறுமூளைப் பகுதியில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்ரோமா என்னும் கொடிய கட்டி பற்றிய ஆராய்ச்சி அத்தகையதொன்றாகும். 1925ஆம் ஆண்டில் இக்கட்டிக்குப் பெயர் சூட்டியோர், 'மெடுல்லோபிளாஸ்ற்' என்னும் ஒரு முளையக் கலத்திலிருந்து அது தோன்றுகின்றது எனக் கொண்டனர். அக்கலத்தை இன்றுவரை எவரும் கண்டதில்லை. எனினும், கட்டியின் தோற்றத்தை மூளை வளர்ச்சியின் வரலாற்றினுள்ளேயே தேடவேண்டும் என்ற அவர்களது கருத்து எழுபது ஆண்டுகளின் பின்னர் மெய்யென நிறுவப்பட்டது. இது நிகழ்ந்தவாற்றை வரலாற்று நோக்கில் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முளையமும் கட்டியும்

கட்டிக்கும் முளையத்துக்கும் உறவுண்டு என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மானிய மருத்துவ அறிஞரிடையே உருவாயிற்று. நுணுக்குக்காட்டி கொண்டு நோயை ஆராயும் துறைக்கு அடித்தளமிட்ட ருடோல்வ் வேர்ச்சோ, மூளையின் தாங்கும் இழையத்திலிருந்து எழும் கட்டிகளுக்கு 1860களில் 'கிளியோமா' எனப் பெயரிட்டார். அவருடைய மாணவரான யூலியஸ் கோன்ஹைம் 1877ஆம் ஆண்டளவில் ஒரு படி மேலே சென்றார். முளையம் உடலாக உருப்பெறும்போது தேவைக்கு மிஞ்சிய சில கலங்கள் பயன்படாது எஞ்சிவிடுகின்றன என்றும், உறங்கிக் கிடக்கும் அவையே பிற்காலத்திற் கட்டிகளாக எழுகின்றன என்றும் அவர் கூறினார். இக்கொள்கைக்கு அவரிடம் நேரடிச் சான்று இருக்கவில்லை. ஆதலின் அது கவர்ச்சிமிக்க ஓர் ஊகமாகவே பல காலம் நின்றது.

குஷிங்கும் பெய்லியும்

அவ்வூகத்தை மூளையைப் பொறுத்தவரையில் முறையான ஆய்வாக மாற்றியவர்கள் இருவர். ஒருவர் ஹார்வி குஷிங் (1869–1939). மற்றவர் பேர்சிவல் பெய்லி (1892–1973). பொஸ்ரன் நகரிலுள்ள பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் 1912 முதல் 1932 வரை பணியாற்றிய குஷிங், மூளைச் சத்திரசிகிச்சையைத் தனித்ததொரு துறையாக வளர்த்தெடுத்த முன்னோடியாவார். அவரிடம் வரலாற்று மாணவர் பாராட்டத்தக்க ஓர் இயல்பு இருந்தது. நோயாளரின் குறிப்புகள், நிழற்படங்கள், அகற்றப்பட்ட கட்டிகள் ஆகியவற்றை அவர் பேணி வைத்தார். வீடு திரும்பியோரின் நிலையைப் பல்லாண்டுகள் கேட்டறிந்து பதிவு செய்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பற்றிய அத்தொகுதி இன்று யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. சுருங்கக் கூறின், அவர் சத்திரசிகிச்சை நிபுணராக மட்டுமன்றி ஆவணக் காப்பாளராகவும் விளங்கினார்.

இவ்வாவணங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து வாசித்தவர் பெய்லி. நானூறுக்கு மேற்பட்ட கட்டிகளை ஆராய்ந்த அவர், கட்டியின் கலங்களை முளைய மூளையின் வெவ்வேறு படிகளிற் காணப்படும் கலங்களோடு ஒப்புநோக்கினார். இளம்படிக் கலங்களை ஒத்த கட்டிகள் விரைந்து கொல்வதையும், முதிர்ந்த கலங்களை ஒத்தவை மெல்ல வளர்வதையும் அவர்கள் கண்டனர். 1926இல் இருவரும் இணைந்து வெளியிட்ட பாகுபாட்டு நூல், மூளைக் கட்டி பற்றிய பிற்கால வகைப்பாடுகள் அனைத்துக்கும் மூலமாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த கட்டுரையிலேயே சிறுவரின் சிறுமூளைக் கட்டி தனியாக இனங்காணப்பட்டது. முதலில் அவர்கள் எண்ணியிருந்த பெயரைப் பிற ஆய்வாளர் இருவர் வேறொரு கட்டிக்கு வழங்கிவிட்டமையால் புதுப்பெயர் ஒன்று வேண்டியதாயிற்று. நரம்புக்கலமாகவோ தாங்கும் கலமாகவோ இன்னும் பிரியாத ஒரு முளையக் கலம் உண்டென 1890களில் அல்பிரெட் ஷாப்பர் கூறியிருந்தார். அத்தகைய கலத்துக்கு 'மெடுல்லோபிளாஸ்ற்' எனப் பெயரிட்டு, கட்டியை அதன் வழித்தோன்றலாக அவர்கள் கொண்டனர். பெயர் நிலைத்தது, பெயருக்குரிய கலம் மட்டும் அகப்படவில்லை.

அக்காலத்தில் இந்நோயின் கொடுமை எத்தகையது என்பதற்கு 1930இல் குஷிங் வெளியிட்ட கணக்கே போதுமானது. அவர் எடுத்துக்கொண்ட 61 நோயாளருள் மூன்றாண்டுகளுக்கு அப்பால் உயிர் வாழ்ந்தவர் ஒருவரே. தம் தோல்வியை இத்துணை வெளிப்படையாகத் தொகுத்து அச்சிட்டமை அவரது நேர்மைக்குச் சான்றாகும். கட்டியின் கலங்கள் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருள் வழியே பரவுவனவாதலால், சத்திரக்கத்தி ஒன்றினால் மட்டும் அதனை வெல்ல முடியவில்லை. 1953இல், மன்செஸ்ரரைச் சேர்ந்த இடித் பற்றர்சன், வார் என்பவருடன் இணைந்து ஒரு புதிய சிகிச்சையின் பெறுபேற்றை வெளியிட்டார். மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் கதிர்ச்சிகிச்சை அளித்தபோது பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாண்டுகளைக் கடந்தனர்.

ஆயினும் இவ்வெற்றிக்கு விலை இருந்தது. உயிர் தப்பிய பிள்ளைகள் பலரிடம் கற்கும் ஆற்றல் குன்றியது; உடல் வளர்ச்சியும் தடைப்பட்டது. வளரும் கட்டியை அழித்த கதிர், வளரும் மூளையையும் தாக்கிற்று. அவ்விரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. இதனை வெறும் சிகிச்சைக் குறைபாடாகக் கருதுதல் பொருந்தாது. கட்டியின் வளர்ச்சியும் மூளையின் வளர்ச்சியும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு அதுவே ஒரு சான்றாகும்.

ஆடும் ஈயும்

இச்சிக்கலை அவிழ்க்கும் நூலின் நுனி மருத்துவமனையில் அகப்படவில்லை. ஒருபுறம் மேய்ச்சல் நிலத்திலும் மறுபுறம் பழ ஈக்களை வளர்க்கும் கண்ணாடிக் குழாய்களிலும் அது கிடந்தது.

1950களில் ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மேய்ப்பர், தம் மந்தைகளில் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் பிறத்தலைக் கண்டு அரசின் உதவியை நாடினர். விவசாயத் திணைக்கள ஆய்வாளர் பல்லாண்டுகள் முயன்று, மலைப்புல்வெளிகளில் வளரும் வெராற்றம் என்னும் செடியே காரணமெனக் கண்டனர். கருவுற்ற பதினான்காம் நாளளவில் அதனைத் தின்ற ஆடுகளே அத்தகைய குட்டிகளை ஈன்றன. அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நச்சுப்பொருளுக்கு, கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனை நினைந்து 'சைக்குளோபமீன்' எனப் பெயரிடப்பட்டது. அக்குட்டிகளிற் கண் மட்டுமன்றி மூளையும் இருகூறாகப் பிரியாதிருந்தது. அந்நச்சு முளையத்தில் எதனைத் தடுக்கின்றது என்பது மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விளங்கவில்லை.

இதனோடு தொடர்பின்றி, ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் கிறிஸ்ரியானே நுஸ்லைன்-வொல்ஹாட், எரிக் வீஷவுஸ் ஆகியோர், பழ ஈயின் குடம்பி துண்டங்களாக வகுக்கப்படுவதை ஆளும் பரம்பரையலகுகளைத் தேடினர். 1980இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 15 பரம்பரையலகுகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று விகாரமுற்றால் குடம்பியின் உடல் சிறு முட்களால் நிறைந்துவிடும். அதனால் அதற்கு 'ஹெட்ஜ்ஹொக்', அதாவது முள்ளெலி, எனப் பெயரிட்டனர். பின்னர் 'பட்ச்டு' எனப்பட்டதும் அப்பட்டியலில் இருந்தது. இந்திய ஆய்வாளர்களான சர்மாவும் சோப்ராவும் 1976இலேயே விவரித்திருந்த 'விங்லெஸ்', அதாவது சிறகிலி, என்பதும் அங்கே காணப்பட்டது. இப்பணிக்காக அவ்விருவரும் எட்வேட் லூயிசுடன் 1995இல் நோபல் பரிசு பெற்றனர். மூளைப் புற்றுநோய் பற்றி அவர்கள் அன்று எண்ணியிருக்கவில்லை.

1993இல் முள்ளெலியை ஒத்த பரம்பரையலகுகள் முள்ளந்தண்டுளிகளிலும் உண்டெனக் கண்டறியப்பட்டது. அவற்றுள் முதன்மையானதற்கு வீடியோ விளையாட்டொன்றின் பாத்திரப் பெயரைத் தழுவி 'சொனிக் ஹெட்ஜ்ஹொக்' எனப் பெயரிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் தனித்தனியாகக் கிடந்த இழைகள் ஒன்றாக முறுக்கேறின. 1996இல் இப்பரம்பரையலகு நீக்கப்பட்ட எலிமுளையங்களில் ஒற்றைக்கண் தோற்றம் காணப்பட்டது. 1998இல் சைக்குளோபமீன் முள்ளெலிச் சமிக்ஞையைத் தடுக்கும் பொருளே என நிறுவப்பட்டது. ஐடஹோ மேய்ப்பரின் வினாவுக்கு ஈயின் குடம்பி விடை கூறிற்று.

நிறுத்தப்படாத வளர்ச்சி

1996இலேயே மற்றொரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. 1960இல் கோர்லின், கோல்ற்ஸ் ஆகியோர் விவரித்த ஒரு பரம்பரை நோயுடையோரிடம் தோற் புற்றுநோய்கள் மிகுதி. அவருட் சிலர்க்குச் சிறுவயதில் மெடுல்லோபிளாஸ்ரோமாவும் ஏற்படுவதுண்டு. அந்நோய்க்குக் காரணம் பட்ச்டு பரம்பரையலகில் ஏற்படும் விகாரமே எனத் தெளியப்பட்டது. பட்ச்டு புரதம் முள்ளெலிச் சமிக்ஞைக்குத் தடுப்பானாக நிற்பது. அடுத்த ஆண்டில், அதன் ஒரு பிரதியை இழந்த எலிகளுட் சிலவற்றிலும் இக்கட்டி தோன்றியது.

தடுப்பான் பழுதானால் சிறுமூளையில் ஏன் கட்டி தோன்றவேண்டும்? இதற்கு விடை அதன் இயல்பான வளர்ச்சியிலேயே உண்டு. மனித மூளையின் நரம்புக்கலங்களுட் பெரும்பான்மை சிறுமூளையின் மணிக்கலங்களாகும். அவற்றின் முன்னோடிக் கலங்கள் வளரும் சிறுமூளையின் மேற்பரப்பில் ஒரு படையாகப் பரவி மிகவேகமாகப் பெருகும். பின்னர் பெருக்கத்தை நிறுத்தி உள்நோக்கிப் பெயரும். மனிதரில் அப்படை பிறப்பின் பின்னரும் சில காலம் நிலைத்து, இரண்டாம் வயதளவில் மறையும். அக்கலங்களைப் பெருகுமாறு ஏவுவது, கீழேயுள்ள புர்கின்ஜே கலங்கள் சுரக்கும் முள்ளெலிப் புரதமே என 1999இல் ஆய்வுக்குழுக்கள் சில நிறுவின. தடுப்பான் செயலிழந்தவிடத்து, நிறுத்தப்பட வேண்டிய பெருக்கம் தொடர்ந்து கட்டியாகின்றது. அஃதாவது, கட்டி அந்நியமானதொன்றன்று. முடிய வேண்டிய காலத்தில் முடியாத வளர்ச்சியே அது.

பெய்லி தேடிய கலம் இதுதானோ எனில், முற்றிலும் அவ்வாறன்று. 2012இல் வெளியான ஆய்வாளரின் பொது இணக்கத்தின்படி மெடுல்லோபிளாஸ்ரோமா ஒரே நோயன்று, நான்கு பிரிவுகளையுடையது. ஒன்று முள்ளெலிச் சமிக்ஞையால் எழுவது. மற்றொன்று சிறகிலியின் வழிவந்த சமிக்ஞையால் எழுவது. அது சிறுமூளையிலன்றி மூளைத்தண்டின் முன்னோடிக் கலங்களில் தோன்றுவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஏனைய இரண்டின் மூலம், மனித முளையத்தின் பின்மூளை ஓரத்திலுள்ள ஒரு கலப்பகுதியில் இருப்பதை 2022இல் வெளியான ஆய்வுகள் சுட்டின. அப்பகுதியின் அமைப்பு எலியிற் காணப்படாதது. எனவே 'மெடுல்லோபிளாஸ்ற்' என்னும் ஒரு கலம் இல்லை. வெவ்வேறு இடத்துக்கும் காலத்துக்குமுரிய பல கலங்கள் உள்ளன. விடை தவறு, வினா சரி.

முடிவாக

இவ்வறிவு பிள்ளைகளுக்கு என்ன தந்தது என்பதே இறுதியில் எழும் வினா. முள்ளெலிச் சமிக்ஞையைத் தடுக்கும் விஸ்மொடெகிப் என்னும் மருந்து, பரவிய மெடுல்லோபிளாஸ்ரோமாவுடைய 26 வயது இளைஞர் ஒருவரின் கட்டிகளை வியக்கத்தக்கவாறு சுருக்கியதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. சில மாதங்களுள் கட்டி மருந்துக்கு எதிர்ப்புப் பெற்று மீண்டது. வளரும் பிள்ளைகளில் அம்மருந்து எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை உரிய காலத்துக்கு முன்னரே மூடச் செய்வதும் பின்னர் தெரியவந்தது. கதிர் கற்பித்த பாடத்தையே மருந்தும் மீண்டும் கற்பித்தது: வளர்ச்சியைத் தடுப்பது இரண்டு பக்கமும் வெட்டும் வாளாகும்.

ஆயினும் இழப்பு மட்டுமே எஞ்சியதென்றல் தவறு. சிறகிலிச் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் உரிய சிகிச்சையாற் பிழைக்கின்றனர் என்பது அறியப்பட்டதும், அவர்களுக்கு அளிக்கும் கதிரைக் குறைக்கலாமா என்ற ஆய்வுகள் தொடங்கின. ஒரு பிள்ளையின் உயிரோடு அதன் அறிவையும் காக்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை, கட்டியை அதன் முளைய வரலாற்றால் வகுத்தறிந்தமையே.

61 பேருள் ஒருவர் என்னும் கணக்கை மறையாது எழுதிய குஷிங்கையும், காணாத கலமொன்றுக்கு இடம்விட்டுச் சென்ற பெய்லியையும், ஈயின் முட்களை எண்ணியோரையும், ஆடு தின்ற செடியைத் தேடியோரையும் ஒருசேர நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. இவ்வறிவு 'என்ன பயன்' என்று கேட்டவர்களால் மட்டும் வளர்க்கப்பட்டதன்று. பயன் தெரியாத காலத்திலும் பார்த்ததைப் பார்த்தவாறே பதிந்து வைத்தோரால் அது வளர்ந்தது. அவர்தம் பதிவுகளே பின்வந்தோர்க்கு வழியாயின.