பாலாற்று நீரும் ஞானசந்திர கோஷும்

பாலாறு என்றதும் நந்தி மலையில் தோன்றி வேலூர் வழியே கடலை நாடும் ஆறே நம்மில் பலருக்கு நினைவில் எழும். நாம் இங்குக் குறிப்பது வேறொரு பாலாறு. மாதேசுவரன் மலையை அடுத்த காடுகளில் ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் காவிரியோடு கலப்பது அது. அங்குள்ள கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. இன்று அப்பகுதி சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. எல்லை மாறினும் ஆறு தன் வழியிலேயே ஓடுகிறது.

தெளிந்த ஆற்றுநீரும் வெறும் நீரன்று. பாறையையும் மண்ணையும் தழுவி வரும்போது கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புக்களை அது கரைத்துக்கொள்கிறது. பிழைப்பை நாடி வேற்றூர் சென்ற நம்மவர், அங்குள்ள கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதுவதுண்டு. அந்நீரில் மிகுந்துள்ள கால்சியம், சோப்போடு கூடிக் கரையாத திரையாக ஒதுங்கிவிடுகிறது. பருப்பின் தோலையும் இறுகச் செய்கிறது. அவ்வாறாயின், கரைந்த உப்பு நீருக்குள் எந்நிலையில் இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

கரைசலில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு 1834இல் பாரடே 'அயனி' என்று பெயரிட்டார். செல்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். மின்சாரம் பாயாதபோதும் உப்பு நீரில் அயனிகளாகப் பிரிந்தே இருக்கிறது என்று 1887இல் ஸ்வீடன் நாட்டு அரீனியஸ் நிறுவினார். இக்கருத்தின் வித்தான அவரது 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கு அவருடைய பல்கலைக்கழகம் தாழ்ந்த மதிப்பையே அளித்தது. 1903இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

எனினும் ஒரு சிக்கல் எஞ்சி நின்றது. உப்பில் ஒரு பகுதியே பிரிகிறது என்ற அரீனியஸின் கணக்கு காடிக்குப் பொருந்திற்று, சோற்றுப்புக்குப் பொருந்தவில்லை. இதைத் தீர்க்க முன்வந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த இளைஞர் ஞானசந்திர கோஷ். 1894இல் பிறந்த அவர், 1918இல் லண்டன் இரசாயனக் கழகத்தின் ஏட்டில் தம் கொள்கையை வெளியிட்டார். சோற்றுப்பு நீரில் முழுவதுமே பிரிந்துவிடுகிறது; எதிர்மின்னும் நேர்மின்னும் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் ஓட்டம் தடைப்படுகிறது என்றார் அவர். இது பெரிய உண்மை. ஆனால், படிகத்தில் உள்ளதுபோலவே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்று அவர் கொண்டார். அதனால் அவர் கணக்கு உப்பின் செறிவினுடைய கனமூலத்தைத் தந்தது. கோல்ராஷ் முன்பே அளந்து கண்டதோ வர்க்கமூலம்.

1923இல் டிபையும் ஹூக்கலும் இப்பிழையைத் திருத்தினர். வெப்பத்தால் அயனிகள் ஓயாது அலைகின்றன. ஆயினும் ஒவ்வொன்றையும் சூழ எதிர்மின் கொண்டவை சற்று மிகுந்து மேகம்போல் நிற்கின்றன என்று அவர்கள் காட்டினர். அதிலிருந்து வர்க்கமூலம் தானே கிடைத்தது. தமக்கு முன் முயன்றவர் கோஷ் என்பதை அவர்கள் தம் கட்டுரையில் மறைக்கவில்லை. இன்று பாடநூல்கள் அவ்விருவர் பெயரையே சொல்கின்றன. கோஷின் பெயரை அறிந்த மாணவர் சிலரே.

கோஷ் மனம் தளர்ந்தாரல்லர். 1939 முதல் 1948 வரை மைசூர் நாட்டுப் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக விளங்கினார். பின்னர்க் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். 1959இல் மறைந்தார்.

பாலாறு கலக்கும் காவிரி நீர், 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையில் தேங்கி மின்விசை தந்தது. அவ்வூரில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலையில் உப்புக் கரைசலினூடே மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தனர். அயனிகள் இடம் பெயர்வதே அத்தொழிலின் உயிர்நிலை.

விஞ்ஞானத்தில் பாதி வழி சென்றவரும் வழிகாட்டியே. வேற்றூர் நீர் நமக்கு ஒத்துக்கொள்ளாதபோது, அந்நீருக்குள் நிகழ்வதைக் கணக்கிடத் துணிந்த அந்த இந்தியரை நாம் நன்றியோடு நினைப்போமாக.